கேமின் அரசியல் அதன் கணக்கில் இருக்கிறது

கேள்வி: ரேஷன் கடை விற்பனையாளரை மையமாக வைத்து ஒரு சின்ன கேம் செய்கிறேன். அரசியலைக் கதையில் சொல்லப் போனால் பிரச்சாரம் மாதிரி ஆகிவிடுகிறது. வசனத்தை எடுத்துவிட்டால் வெறும் அரிசி அளக்கும் விளையாட்டாகிவிடுகிறது. எல்லாரும் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ பார் என்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது, அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

பதில்:

வசனத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒரு கேம் எதற்குக் காசு கொடுக்கிறது, எதற்குக் காசைப் பிடிக்கிறது, எதற்கு நேரமே தருவதில்லை என்பதை வைத்துத்தான் அது என்ன நினைக்கிறது என்று விளையாடுபவருக்குப் புரிகிறது. அமைச்சர் பாத்திரம் ஒரு பக்கம் பேசினால் பட்டனைத் தட்டித் தாண்டிப் போய்விடுவார். கூலியில் 5 ரூபாய் குறைந்தால் உடனே நிமிர்ந்து உட்காருவார். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ இந்த ஒரு விஷயத்தை விடாப்பிடியாகச் செய்த கேம். அதனால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

2013 ஆகஸ்டில் வந்தது. செய்தவர் லூகாஸ் போப், கிட்டத்தட்ட தனி ஆளாக. அதற்கு முன் ‘அன்சார்ட்டட்’ கேம்களைச் செய்த நாட்டி டாக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்கர், அப்போது ஜப்பானில் குடியிருந்தார். அடிக்கடி விமான நிலையங்களில் பாஸ்போர்ட் வரிசையில் நின்றபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் வேலையையே விளையாட்டாக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. கேமில் நீங்கள் ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் குடியேற்ற அதிகாரி. வருடம் 1982. வேலைக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்ததால் இந்த வேலையும் ஒரு வீடும் கிடைத்திருக்கின்றன. பக்கத்து நாடான கொலேச்சியாவுடன் ஆறு வருடம் நடந்த போர் இப்போதுதான் முடிந்திருக்கிறது. கதைப் பின்னணி இவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம்.

இனி கணக்குக்கு வருவோம். சரியாகக் கையாண்ட ஒவ்வோர் ஆளுக்கும் 5 கிரெடிட் கூலி. ஆரம்பத்தில் ஒரு நாள் செலவு வாடகை 20, சாப்பாடு 20, குளிருக்குக் கணப்பு 10, ஆக 50. அதாவது பத்துப் பேரைத் தப்பில்லாமல் பார்த்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். புதிதாக விளையாடுபவர் முதல் சில நாட்களில் அந்தப் பத்தை எட்டவே திணறுவார். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா என்று நான்கு பேர். சாப்பாட்டை விட்டால் ‘பசி’, கணப்பை விட்டால் ‘குளிர்’, தொடர்ந்தால் ‘நோய்’, மருந்துக்குத் தனிச் செலவு. அவர்கள் முகத்தை நீங்கள் பார்ப்பதேயில்லை. நாள் முடிவில் வரும் கணக்குச் சீட்டில் உறவுமுறையும், பக்கத்தில் ஒற்றைச் சொல்லில் நிலைமையும் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் ‘மகன் – நோய்’ என்று பார்த்துவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போகிறவர் வேறு ஆளாகத்தான் போகிறார். உருக்கமான காட்சி ஒன்றைப் படமாக்கச் செலவழிக்கும் பணத்தை இந்த ஒரு வரி மிச்சப்படுத்திவிட்டது.

கேம்ப்ளே என்று பார்த்தால் காகிதம் சரிபார்ப்பது, அவ்வளவே. முதல் நாள் சொந்த நாட்டு பாஸ்போர்ட்டை மட்டும் விட வேண்டும். பிறகு வெளிநாட்டவர், அவர்களுக்கு நுழைவுச் சீட்டு, அது போய் அனுமதிப் பத்திரம், வேலைக்கு வந்தால் தனிச் சீட்டு, தூதருக்கு ஒன்று, அடைக்கலம் கேட்டு வருபவருக்கு ஒன்று, கடைசியில் போலியோ தடுப்பூசிச் சான்று. பெயர், எண், காலாவதித் தேதி, வழங்கிய ஊர், முத்திரை, புகைப்படம், எடை, உயரம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வேலையின் கனத்தைக் கூட்டுவது மேசைதான். போப் அதை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார். நான்கு காகிதம் விரித்தால் ஒன்றின்மேல் ஒன்று விழும், விதிப் புத்தகத்தைத் திறந்தால் பாஸ்போர்ட் மறைந்துவிடும். பொருந்தாத இரண்டு விவரங்களைத் தேடித் தொட்டுக் காட்டினால்தான் ஆளைக் கேள்வி கேட்கவே முடியும். அதற்குள் கடிகாரம் மாலை ஆறு மணியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் கதையும் அரசியலும் கேம்ப்ளேயும் ஒன்றாகின்றன. எதிரே நிற்பவர் “என் அம்மாவைப் பார்த்து ஆறு வருஷம் ஆயிற்று” என்று ஏதோ சொல்கிறார் என்று வையுங்கள். அதைப் படிக்க ஆகும் நேரம் கூலியிலிருந்து போகிறது. நாலாவது நாளிலேயே படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். முகத்தைப் பார்ப்பதுகூடப் புகைப்படத்தோடு ஒப்பிடத்தான். அதிகார வர்க்கம் மனிதரை எண்ணாகப் பார்க்கிறது என்று கேம் எங்கும் சொல்லவில்லை. உங்களையே அப்படிப் பார்க்க வைத்துவிடுகிறது. விதிகளால் வாதம் செய்யும் இந்த முறையைப் பற்றி 2007 வாக்கில் கேம் ஆய்வாளர் இயன் போகோஸ்ட் விரிவாக எழுதினார். ஆனால் கோட்பாட்டைப் படிப்பதைவிட இந்த கேமின் முதல் ஐந்து நாளை விளையாடிவிடுவது வேகமான வழி.

இதில் என்னைக் கேட்டால் மிக நுட்பமான எண், அபராத விதியில் இருப்பது. தப்பு செய்தால் சாவடியில் உள்ள அச்சுப்பொறி கடகடவென்று ஒரு எச்சரிக்கைச் சீட்டைத் துப்பும், என்ன தப்பு என்ற விவரத்தோடு. ஒரு நாளில் முதல் இரண்டு சீட்டுக்குப் பணம் பிடிப்பதில்லை. மூன்றாவதிலிருந்துதான் பிடித்தம். கற்றுக்கொள்பவருக்குச் சலுகை போலத் தெரியும் இந்த இரண்டும், ஐந்தாவது நாளில் வேறு ஒன்றாகிவிடுகின்றன. அன்று ஒரு கணவர் வருகிறார், காகிதம் எல்லாம் சரி. அடுத்து என் மனைவி வருகிறாள், தயவு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மனைவியிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. திருப்பி அனுப்பினால் ஊரில் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விடலாம். ஒரு சீட்டு வரும், பணம் போகாது. ஆனால் காலையிலேயே கவனக்குறைவால் இரண்டு தப்பு செய்திருந்தால்? அப்போது அவளை விடுவதற்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்குக் கருணை காட்ட அரசாங்கம் உங்களுக்கு ஒதுக்கீடு தந்திருக்கிறது என்று ஆகிவிட்டது. நன்றாக விளையாடுபவர்கள் அந்த இரண்டையும் மாலைவரை சேமித்து வைக்கிறார்கள், யாராவது உண்மையில் தேவைப்படுபவர் வருவார் என்று. ஒழுக்கம் என்பது இங்கே திறமையோடும் கைக்காசோடும் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. வேகமாக வேலை பார்ப்பவருக்கு நல்லவராக இருப்பது சுலபம். பத்து வரி வசனத்தில் இதைச் சொல்லிவிட முடியாது, சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இன்னோர் இடம், காவலர் கலென்ஸ்க். சந்தேகப்பட்டவரைத் திருப்பி அனுப்பாமல் கைது செய்ய வைத்தால் தனக்கு மேலிடத்தில் ஊக்கத்தொகை வருகிறது, இரண்டு கைதுக்கு 5 கிரெடிட் உனக்கு என்கிறார். அதுவரை காகிதத்தில் தேதி தப்பாக இருந்தால் சிவப்பு முத்திரை குத்தி அனுப்பியிருப்பீர்கள். இனி அதே ஆளை உள்ளே பிடித்துப் போட உங்களுக்கு இரண்டரை கிரெடிட் காரணம் இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மகனுக்கு மருந்து வாங்க வேண்டிய நாளில் கை தானாகக் கைது பட்டனுக்குப் போகும்.

கொலேச்சியர் விஷயமும் அப்படியே. இரண்டாம் நாளே ஒரு தாக்குதல் நடக்கிறது, அன்றைய வேலை பாதியில் நின்று கூலி குறைகிறது. பிறகு மற்றொரு சம்பவத்துக்குப் பின், கொலேச்சியர் எல்லாரையும் உடல் சோதனை செய் என்று உத்தரவு. ஒவ்வொரு சோதனையும் நேரம் தின்னும். நாலைந்து பேர் வரிசையாக வந்தால், அந்த பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்ததுமே எரிச்சல் வரும். தப்பேதும் செய்யாத ஒருவர்மேல் எரிச்சல். ஒரு நாட்டாரை வெறுக்கச் சொல்லும் சுவரொட்டி கேமில் தேவைப்படவில்லை, ஒரு கூடுதல் வேலை போதுமானதாக இருந்தது. (அந்தச் சோதனையில் வரும் ஸ்கேனர் படங்களில் உடல் ஆடையின்றித் தெரியும். 2014இல் ஐபேட் பதிப்பின்போது ஆப்பிள் அதை ஆபாசம் என்று எடுக்கச் சொல்லி, பிறகு அனுமதித்தது. சோதனை என்பது எவ்வளவு அத்துமீறல் என்று காட்டவே அந்தப் படங்கள் என்பதால், எடுத்திருந்தால் கேமுக்கு நஷ்டம்தான்.)

இத்தனை இறுக்கத்துக்கு நடுவே ஜோர்ஜி கோஸ்டாவா என்று ஒரு கிழவர். முதலில் பாஸ்போர்ட்டே இல்லாமல் வருவார். அடுத்த முறை கையாலேயே வண்ணம் தீட்டிய ‘கோப்ராஸ்தான்’ பாஸ்போர்ட்டோடு வருவார், அப்படி ஒரு நாடே கிடையாது. திருப்பி அனுப்பினால் கோபமே இல்லாமல், சரி மறுபடி வருகிறேன் என்று போவார். இவர் வெறும் நகைச்சுவைக்காக இருப்பவர் என்று நினைத்து உங்கள் கேமில் ஒரு கோமாளியைச் செருகிவிடாதீர்கள். பெயர் நினைவில் நிற்கும் ஒரே ஆள் இவர். திரும்பத் திரும்ப வருவதால்தான் நாட்கள் நகர்வது தெரிகிறது, விதிகள் எவ்வளவு மாறிவிட்டன என்பதும் அவர் கொண்டுவரும் காகிதத்தை வைத்துத்தான் உறைக்கிறது.

மொத்தம் 31 நாள், 20 முடிவுகள். நாள் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஒரு கேமின் விதிகளை முழுக்கக் கரைத்துக் குடித்தபின் அதன் அரசியல் செத்துவிடும், மிஞ்சுவது புதிர்தான். அதைத் தள்ளிப்போடத்தான் ஏறக்குறைய தினமும் ஒரு விதி மாறுகிறது, கை பழகிக்கொண்டிருக்கும்போதே கதை முடிகிறது. எளிய முறை என்று ஒன்று உண்டு, அதில் தினமும் 20 கிரெடிட் கூடுதல். சரியாக ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. அந்த முறையில் அதே வசனம், அதே ஆட்கள், ஆனால் மேலே சொன்ன இறுக்கத்தில் பாதி காணாமல் போய்விடும். எண்தான் வாதம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எண்ணைத் தப்பாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007இல் வந்த ‘பயோஷாக்’ நல்ல பாடம். சுயநலமே அறம் என்று கட்டப்பட்ட கடலடி நகரம் எப்படி நாசமானது என்பது அதன் கதை. எழுத்தும் சித்திரமும் அபாரம். அதில் சிறுமிகளைக் கொன்றால் ஆளுக்கு 160 ஆடம் என்ற சக்திப்பொருள், காப்பாற்றினால் 80. கனமான தேர்வு போலத் தோன்றும். ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றினால் 200 ஆடம் பரிசாக வரும், வேறெங்கும் கிடைக்காத சக்திகளும் சேர்த்து. 21 சிறுமிகளையும் கொன்றால் 3360, காப்பாற்றினால் பரிசோடு சேர்த்து 3080. வித்தியாசம் 280 மட்டுமே, அதையும் அந்தச் சக்திகள் ஈடுகட்டிவிடுகின்றன. நல்லவராக இருப்பதில் இழப்பே இல்லை என்றால் அது தேர்வு இல்லை, அலங்காரம். அந்த வருடமே கிளிண்ட் ஹாக்கிங் என்ற வடிவமைப்பாளர் இந்த கேமை முன்வைத்து, கதை ஒன்று சொல்ல விளையாட்டு வேறொன்று சொல்லும் முரணைப் பற்றி எழுதினார். அவருடைய முதன்மையான புகார் வேறு: விளையாட்டு சுயநலமாக இருக்கச் சொல்கிறது, கதையோ அடுத்தவருக்கு உதவியே தீர வேண்டும் என்று இழுத்துப் போகிறது. இன்றுவரை இந்த விவாதம் அவர் வைத்த பெயரில்தான் நடக்கிறது.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம் அமெரிக்க ராணுவமே வெளியிட்ட ‘அமெரிக்காஸ் ஆர்மி’. 2002 ஜூலை 4 அன்று இலவசமாக வந்தது, ஆள் சேர்ப்புக்காக. இரண்டு அணிகள் இணையத்தில் மோதும் கேம். இதில் உங்கள் திரையில் நீங்கள் எப்போதும் அமெரிக்க வீரர், எதிரணிதான் ‘பகைவர்’. எதிரணிக்காரரின் திரையில் அவர் அமெரிக்க வீரர், நீங்கள் பகைவர். ஆக, அமெரிக்காவை எதிர்த்து விளையாடுவது என்பதே அதில் நடக்காத காரியம். பயிற்சியாளரைச் சுட்டால் சிறை அறையில் போய் விழுவீர்கள். தேசபக்தி வசனம் எதுவும் தேவைப்படாத அளவுக்குப் படம் வரையும் நிரலிலேயே அரசியல் எழுதப்பட்டிருக்கிறது. அதன் நோக்கத்தோடு உடன்பட வேண்டியதில்லை. வடிவமைப்பு என்ற அளவில் அசாத்தியத் துணிச்சல்.

‘கேமில் அரசியலைக் கொண்டுவராதீர்கள்’ என்பவர்களுக்கு நான் காட்டுவது 1989இல் வந்த முதல் ‘சிம்சிட்டி’. கட்சி இல்லை, கொள்கை இல்லை, நகரம் கட்ட வேண்டியதுதான். ஆனால் அதை வடிவமைத்த வில் ரைட் அதன் கணிதத்துக்கு உந்துதல் பெற்ற இடங்களில் ஒன்று, ஜே ஃபாரஸ்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1969இல் வெளியிட்ட கணினி நகர மாதிரி. ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டித் தருவது நகரத்தைச் சீரழிக்கும் என்ற முடிவுக்கு வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய மாதிரி அது. கேமில் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று மூன்று மண்டலங்கள் தனித்தனியாகத்தான் போட முடியும். கீழே கடை மேலே வீடு என்ற, நம் ஊர்க் கடைத்தெருவில் சாதாரணமாகப் பார்க்கும் கட்டடத்துக்கு அங்கே இடமில்லை. வரியை ஏற்றினால் மக்கள் வெளியேறுவார்கள், அது இயற்கை விதி மாதிரி நடக்கும். 2013இல் வந்த புதிய பதிப்பில், வாகன நிறுத்துமிடங்களை நிஜ அளவில் வைத்தால் நகரமே நிறுத்துமிடமாகிவிடுகிறது என்பதால் அவற்றை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். காரை நம்பிய நகரத்தின் பெரிய விலை கணக்கிலேயே வரவில்லை. இதில் யாரும் சதி செய்யவில்லை. எதை எண்ணுவது, எதை விடுவது என்று முடிவெடுக்காமல் ஒரு கேமும் செய்ய முடியாது, அந்த முடிவுகளுக்குப் பின்னால் ஒரு பார்வை இருந்தே தீரும்.

போர் பற்றிய கேம்களில் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். பெர்லினின் யேகர் நிறுவனம் செய்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’ (2012), துபாயில் நடக்கும் கதை. ஓரிடத்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டு வீசினால்தான் மேலே போக முடியும். வேறு வழி தேடிச் சுட்டுக்கொண்டே இருந்தாலும் எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். வீசியபின், செத்தவர்கள் பொதுமக்கள் என்று காட்டி உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். காட்சி உலுக்கும், மறுக்கவில்லை. ஆனால் கதவை ஒன்று மட்டும் வைத்துவிட்டு ‘ஏன் இதில் நுழைந்தாய்’ என்று கேட்பது பலருக்கு எரிச்சலைத் தந்தது, எனக்கும் அது பாதி வெற்றிதான். வார்சாவின் 11 பிட் நிறுவனம் 2014இல் செய்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’, 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையைத் தழுவியது. நீங்கள் ராணுவ வீரர் இல்லை, இடிந்த வீட்டில் பதுங்கிய சாதாரண ஆட்கள். பகலில் வெளியே துப்பாக்கிக்காரர்கள், அதனால் இரவில்தான் பொருள் தேடப் போக முடியும். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருப்பார்கள், எதிர்க்கக்கூட மாட்டார்கள். அவர்களின் மருந்தையும் சாப்பாட்டையும் எடுத்து வரலாம். யாரும் தண்டிக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் ஆட்கள் துவண்டு போவார்கள், சோகம் முற்றினால் வேலையே செய்ய மாட்டார்கள். குற்றவுணர்ச்சிக்கு உற்பத்தி இழப்பு என்று விலை போட்டிருக்கிறார்கள். 2020இல் போலந்து அரசு இதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. இதன் பலவீனமும் சொல்ல வேண்டும்: சாராயம் காய்ச்சி வியாபாரியிடம் மாற்றும் வழியைப் பிடித்துவிட்டால் வீடு தொழிற்சாலையாகிவிடும், பசி பயம் போய்விடும். விதி மாறாத கேமுக்கு வரும் நோய் இது.

இனி உங்கள் ரேஷன் கடை. உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல கரு, காரணம் அதில் ஏற்கெனவே ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ மூட்டையில் எடை குறைவாக இருக்கிறது, ஆய்வுக்கு வரும்போது இருப்புக் குறைவுக்கு எங்களிடம் அபராதம் வசூலிக்கிறார்கள் என்பது விற்பனையாளர்கள் வெகு காலமாகச் சொல்லிவரும் குறை. இதை வசனமாக்காதீர்கள். அப்படியே விதியாக்குங்கள்.

கீழே வரும் எண்கள் கேமுக்காக நான் வைப்பவை, நிஜச் சம்பளமோ அபராதமோ அல்ல. காலையில் 10 மூட்டை வருகிறது, ஏட்டில் 500 கிலோ. ஒவ்வொன்றிலும் ஒன்றரை கிலோ குறைவு, ஆக உண்மையில் 485. வரிசையில் 25 அட்டை, ஆளுக்கு 20 கிலோ, தேவை சரியாக 500. நாள் கூலி 400, வீட்டுச் செலவு 350. இருப்பில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 ரூபாய் பிடித்தம். எல்லாருக்கும் சரியாக அளந்தால், கடைசி ஆளுக்குப் போதாமல் வெளியில் வாங்கி ஈடுகட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள், 15 கிலோவுக்கு 180 போகிறது, கையில் 220, வீட்டுக்கு 130 குறைகிறது. ஆளுக்கு 600 கிராம் குறைத்துப் போட்டால் பிடித்தமே இல்லை. 300 கிராம் குறைத்தால் 90 போய், வீட்டுக்கு 40 மட்டும் குறையும். மூன்று நிலையிலும் எதுவும் முழு நிம்மதி தராது, எதுவும் உடனே கொல்லாது. அப்படித்தான் இருக்க வேண்டும். கூலிக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி 50 என்றால், நேர்மையின் விலை அதைவிடப் பெரிதாகவும் நாள் கூலியில் பாதிக்குக் கீழாகவும் இருக்கட்டும். அதைத் தாண்டினால் விளையாடுபவர் ‘இதில் ஜெயிக்கவே முடியாது’ என்று முடிவு கட்டிக் கையை விட்டுவிடுவார். 50க்குக் கீழே போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

அடுத்து புகார். வடிவமைப்பாளர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான். எடை குறைத்தால் உறுதியாக மாட்டிக்கொள்வீர்கள், அபராதம் 500 என்று வைத்தால் கேம் நீதிபோதனை வகுப்பாகிவிடும். புகாரே இல்லை என்றால் எல்லாரும் 600 கிராம் குறைத்துவிட்டுப் போய்விடுவார்கள், யோசிக்க ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு வாய்ப்பு, உதாரணமாக நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் அது சூதாட்டம். ஆளைப் பொறுத்து வையுங்கள். வார்டு கவுன்சிலரின் உறவினர் 100 கிராம் குறைந்தாலும் திரும்பி வந்து சத்தம் போடுவார். வீட்டில் தராசு வைத்திருக்கும் ஆசிரியர் 300 கிராமுக்கு மேல் குறைந்தால் வருவார். விரல் ரேகை இயந்திரத்தில் பதியாமல் ஏற்கெனவே இரண்டு முறை திரும்பிப் போன பாட்டி, ஒரு கிலோ குறைந்தாலும் வாயைத் திறக்க மாட்டார், கிடைத்ததே போதும் என்று போவார். இதை எங்கும் எழுதிக் காட்டாதீர்கள். மூன்று நாளில் விளையாடுபவர் தானே கண்டுபிடிப்பார். நாலாவது நாள் முதல் அவருடைய 15 கிலோவும் பேசத் தெரியாதவர்கள் பையிலிருந்து போக ஆரம்பிக்கும். உங்கள் கேமின் அரசியல் அந்த இடத்தில் இருக்கிறது. கிடங்கில் நடந்த குறைவு கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதை நீங்கள் சொல்லவில்லை, அவர் கை செய்து காட்டிவிட்டது.

தேர்வைப் பட்டியலாகக் கொடுக்காதீர்கள். ‘1. சரியாக அள, 2. குறைத்து அள’ என்று திரையில் வந்தால் அது பரீட்சை, எல்லாரும் முதல் விடையை எழுதுவார்கள். தராசு முள்ளை விளையாடுபவரே நிறுத்தும்படி வையுங்கள். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’இல் பாஸ்போர்ட்டை இழுத்து முத்திரைக்குக் கீழே வைத்து அழுத்த வேண்டும், அந்தச் சிரமம்தான் செய்கிற காரியத்துக்குப் பாரத்தைத் தருகிறது. வேகமாக நிறுத்தினால் முள் தவறும்படி இருந்தால் இன்னும் நல்லது. 200 கிராம் குறைந்தது வேண்டுமென்றா கைதவறியா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாது.

விதி மாற்றத்துக்குப் பதினைந்து நாள் போதும். நாளுக்கு அதிகபட்சம் ஒரு புதிய விதி. சர்க்கரை மட்டும் வாங்கும் அட்டை, பருப்பும் பாமாயிலும் தாமதம், இயந்திரத்தில் இணைப்பு இல்லாத நாள், பண்டிகை நாளின் நீண்ட வரிசை, ஆய்வு நாள் என்று. ஒரே நாளில் இரண்டு விதி புகுத்தினால், தப்பு எதனால் நடந்தது என்று புரியாமல் கேமின் மேலேயே கோபம் வரும். அதிகாரியின் மேல் வர வேண்டிய கோபம் அது. இந்த மாற்றங்களை முதலில் ஒரு விரிதாளில் போடுங்கள். ஒரு வரிசை நேர்மையாக அளப்பவருக்கு, ஒன்று முழுக்கக் குறைப்பவருக்கு, ஒன்று பலவீனமானவர்களிடம் மட்டும் குறைப்பவருக்கு. பதினைந்தாம் நாள் கையிருப்பு மூன்றிலும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நேர்மையானவர் எட்டாம் நாளுக்குள் கடனில் மூழ்கினால் எண்ணைத் தளர்த்துங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே தொகையில் முடிந்தால் ‘பயோஷாக்’ கணக்கைத் திரும்பச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கணினியில் ஏற்றுமுன் காகிதத்தில், அரிசிக்குப் புளியங்கொட்டை வைத்து நாலு பேரை விளையாட விட்டாலே பாதிப் பிழை தெரிந்துவிடும்.

வசனம் அப்புறம் எழுதுங்கள், ஆளுக்கு ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. திரும்பத் திரும்ப வரும் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் நாலைந்து முறை பேச இடம் கொடுங்கள். மேலதிகாரிக்குச் சொற்பொழிவு வேண்டாம், ஆய்வுக் குறிப்பேட்டில் அவர் எழுதும் ஒரு வரி போதும்.

சோதனை விளையாட்டில் யாரிடமும் ‘கருத்து புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், நாகரிகத்துக்குத் தலையாட்டுவார்கள். யாருக்கு எத்தனை கிராம் என்று பின்னணியில் பதிவு செய்து வையுங்கள். ஐந்து பேர் விளையாடி, யாரும் சொல்லாமலேயே மூன்று பேராவது பாட்டியிடம் கைவைத்திருந்தால் விதி வேலை செய்கிறது. பதினைந்தாம் நாள் முடிவில் அந்தப் பதிவையே 25 பெயர்களோடு பட்டியலாகத் திரையில் போடுங்கள், பெயர், வர வேண்டியது, கொடுத்தது என்று மூன்று கட்டம். கீழே வாழ்த்தோ கண்டனமோ எழுத வேண்டாம், ‘மீண்டும் தொடங்கு’ பட்டன் மட்டும் இருக்கட்டும்.